அரைக் கிலோ இரும்பு

கண்ணைத் திறந்தேன். எதிரே இன்னொரு கண். இமை இல்லாதது. சிவந்த வளையம் போட்டது. என்னைப் போலவே எதையும் புரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அது சங்கரா மீனின் கண் என்று தெரிய வெகு நேரம் ஆயிற்று. மீன் என்ற சொல்லே அப்போது என்னிடம் இல்லை. மழை விட்டபின் கூட்டுக்குத் திரும்பும் காக்கைகளைப் போலச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஈரம். வெளிச்சம். கால். பிறகு, என் கால்.

பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவே, செதிலும் ஐஸ் தண்ணீரும் ஓடும் தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கு அடியில் மடித்த கோணி. வாயில் ரத்தத்தின் உப்பு.

"முழிச்சிட்டான், முழிச்சிட்டான். தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்."

"ஊடு எங்கப்பா?"

"பேரு இன்னா, பேரு?"

வீடு கருவடிக்குப்பம் என்பது முதலில் வந்தது. பெயர் கடைசியில்தான் வந்தது. யாரோ ஆட்டோவில் தூக்கி உட்கார வைத்தார்கள். வண்டி குலுங்கியபோதுதான் கையில் ஏதோ கனப்பதைக் கவனித்தேன். விரல்களை விரித்துப் பார்த்தேன். அரைக் கிலோ எடைக்கல். மீன் வாடை அடிக்கும் கறுத்த இரும்பு. அது ஏன் என்னிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

வாசலில் நின்ற அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மீன் எங்கடா?"

பிறகு என் கையைப் பார்த்தாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ரொட்டி வண்டி

சென்ற வாரம் இந்தத் தொடரில் ரொட்டிக் கடை அடுப்பைப் பற்றி நான் எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், "அவ்வளவு ஆசையாகச் செய்த வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டிருந்தார். நான் விடவில்லை ஐயா. வேலை என்னை இறக்கி விட்டது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு இரண்டாவது மழைக்காலம் என்று நினைவு. எனக்கு இருபத்து மூன்று வயது. விடிவதற்குள் எழுந்து கடைக்குப் போய், மொபெட்டின் இரு பக்கமும் கூடை கட்டி, சூடு ஆறாத நீள ரொட்டிகளை அடுக்கிக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பம் வரை போவேன். முதுகுக்குப் பின்னால் ரொட்டியின் வெப்பம், முகத்தில் ஆற்றுக் காற்று. உலகத்தில் எனக்கு என்று இருந்த ஒரே நாற்காலி அந்த மொபெட்டின் சீட்டுதான்.

அப்பா இல்லை. அவர் வேலை செய்த பஞ்சாலையும் அவருக்கு முன்பே படுத்துவிட்டது. எங்கள் தெருவில் கடிகாரம் என்று தனியாக யாரும் வைத்துக்கொண்டதில்லை. ஆலைச் சங்குதான் மணி. முதல் சங்குக்கு உலை வைப்பாள் அம்மா, இரண்டாம் சங்குக்கு அப்பாவின் தூக்குச்சட்டியை மூடுவாள். சங்கு நின்ற பிறகும் அவள் கடிகாரம் வாங்கவில்லை. கேட்டால், "எனக்கு உள்ளயே ஊதும்" என்பாள்.

கடற்கரைப் பக்கத்தில் ஒரு சொல்தா வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களைச் சொல்தா என்பது எங்கள் ஊர் வழக்கம். சொல்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவியான மதாம் மட்டும் இருந்தார். காலையில் கதவைத் திறக்க அவரால் எழ முடியாது என்பதால் சாவி அம்மாவிடம். சாவி என்றால் இன்றைய சாவி இல்லை. சாண் நீளத்தில், தலைப்பில் வளையம் வைத்த, அந்தக் காலத்து இரும்புச் சாவி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா நடந்தால் கோட்டைக் காவலாளி போல இருக்கும்.

அக்காவுக்கு வரன் கூடியிருந்தது. அரியாங்குப்பத்து மாப்பிள்ளை. நான் மீன் வாங்கப் போன அந்த ஞாயிறு, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருவதாக இருந்தது. வந்தார்கள். மீன் இல்லாமல் முட்டைக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் உள் அறையில் படுத்திருந்தேன். "பையனுக்குக் காய்ச்சல்" என்று அம்மா சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

மணக்கும் கை

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு நான் கவிதை எழுத ஆரம்பித்திருந்தேன். ரொட்டி சுற்றும் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதுவேன். அதில் ஒன்று ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. எழுபது பேர் படித்திருந்தால் அதிகம். காலைகளில் என் உள்ளங்கை இரும்பு மணக்கிறது என்பதாக அதில் ஒரு வரி. யாரோ ஒருவர் அதைப் பாட்டாளி வர்க்கத்தின் விழிப்பு என்று பாராட்டிக் கடிதம் போட்டிருந்தார். நானும் ஆமாம் என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் சில காலைகளில் என் வலது உள்ளங்கை இரும்புதான் மணந்தது. அந்தக் காலைகளில் நாக்கு ஓரம் எரியும். யாரோ இரவெல்லாம் அடித்துத் துவைத்ததுபோல் உடம்பு நோகும். ஒரு தடவை உள்ளங்கையில் வளையம் போல ஒரு சிவந்த தடம் இருந்தது. குளித்து வருவதற்குள் மறைந்துவிட்டது. மொபெட்டின் பிரேக் கம்பி என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

உடம்பு எழுதிக் கொடுத்த நோய்க்குறிப்பைக் கவிதை என்று அச்சடித்த ஆள் நான்.

அரிசி டிரம்

மார்க்கெட்டில் விழுந்த மறுநாள் அம்மா என்னைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

"காலையிலேருந்து வெறும் வயிறு டாக்டர். வெயில் வேற. மயக்கம் போட்டுட்டான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தவங்க சொன்னாங்க."

பார்த்தவர்கள் யாரிடமும் அவள் பேசியிருக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நாக்கில் பல் பதிந்த இடம் தெரிந்திருக்கும். அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி மொபெட்டில் ஏறினேன். பாலத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. கீழே ஆறு.

புதன்கிழமை மொபெட் சாவியைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில் உப்பு ஜாடியில் இருந்தது. "நான் எங்கடா வெச்சேன்?" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

அதே வாரம் அக்கா அரிசி அளக்கும்போது டிரம்முக்குள் அவள் கை எதிலோ இடித்தது. எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். எடைக்கல். அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

"இது யாருதுடா?"

"தெரியல."

"அம்மா எதுக்கு இத ஒளிச்சி வெச்சிருக்காங்க?"

"தெரியலன்னு சொல்றேன்ல."

"கையில இரும்ப எதுக்குக் குடுப்பாங்கன்னு தெரியாதா, தெரியாத மாதிரி நடிக்கிறியா?"

தெரியும். எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். தெருவில் ஒருவன் விழுந்து கை கால் வெட்டி இழுத்தால் பத்துக் குரல்கள் ஒரே நேரத்தில் சொல்லும்: இரும்பு குடு, இரும்பு குடு. மயங்கி விழுந்தவனுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். இரும்பு கொடுப்பது ஒன்றுக்குத்தான். அந்தச் சொல் எங்கள் மூன்று பேர் வாயிலும் இருந்தது. யாரும் துப்பவில்லை.

"உன் கல்யாணம்..." என்றேன்.

"என் கல்யாணத்த நான் பார்த்துக்கறேன். நீ பாலத்து மேல விழுந்து செத்தா அந்த மூஞ்சியோட மணவறையில உக்காரச் சொல்றியா?" கல்லை என் பக்கம் தள்ளினாள். "யாருதோ, கொண்டு போய்க் குடு. பாவம், எடை போட முடியாம இருப்பாங்க."

மறுநாள் ரொட்டி போட்டு முடித்ததும் நான் போனது ஊர் எல்லையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அரை நாள் வரிசை. நரம்புப் பிரிவில் ஒரு டாக்டரம்மா, என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"நீங்க சொன்னதுல ஒண்ணுமே இல்ல. தப்பா நெனைக்காதீங்க. நடக்கும்போது நீங்க அங்க இல்ல. பார்த்தவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க. மிஷின் சொல்றதுக்கு முன்னாடி அவங்க சொல்றதுதான் எனக்கு வேணும்."

நடக்கும்போது நீங்க அங்க இல்ல. பஸ்ஸில் நின்றபடி இந்த வாக்கியத்தையே மென்றுகொண்டு வந்தேன். என் வாழ்க்கையிலிருந்து சில நிமிடங்கள் எடுக்கப்பட்டு, யாரோ முன்பின் தெரியாதவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். சோறு சாப்பிடும்போது சொல்லியிருப்பார்கள். எனக்கு மட்டும் அதில் பங்கு இல்லை.

கல்லுக்குச் சொந்தக்காரி

அவள் பெயர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். குப்பத்திலிருந்து வந்து மீன் பகுதியின் மூன்றாம் வரிசையில் உட்காருபவள். நான் கல்லை நீட்டியதும் பக்கத்துக் கடைக்காரியிடம் கத்தினாள்.

"ஏ, கல்லத் தூக்கிட்டுப் போன திருடன் வந்துட்டான்டி. ஒரு வாரமா அரைக் கிலோ கேக்கறவனுக்கெல்லாம் ரெண்டு கால் கிலோ கல்லு கடன் வாங்கிப் போட்டுட்டிருக்கேன்."

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"இப்ப எப்டி கீற கண்ணு?"

"நல்லா இருக்கேன்க்கா. மயக்கம்தான்."

"எவன் சொன்னான் மயக்கம்னு? மயக்கம் போட்டவன் கல்ல இப்டிப் புடிப்பானா? மூணு பேரு விரலப் பிரிச்சோம், வரல. சரி, புள்ள எடுத்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன்."

அன்று நடந்ததை அவள் சொன்னாள். என் சங்கராவுக்காகத் தராசில் அந்தக் கல்லை வைத்திருந்தாளாம். நான் பேசிக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டேன். அப்படியே சாய்ந்தேன். இரும்பு இரும்பு என்று எல்லாரும் கத்த, அவசரத்தில் ஒருவன் அவளுடைய அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"அடப்பாவி, அவன் கையில அத குடுத்தா எங்க எல்லாரையும் ஆய்ஞ்சிப் போட்டுடுவான்டான்னு புடுங்கி உக்கார்ந்துட்டேன் அது மேல. அப்புறம்தான் தராசுலேருந்து இந்தக் கல்லு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் எனக்கு வேறு ஒன்றாக மாறிவிட்டது. அவள் பார்க்காததுபோல் மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமைன்னா வரேன். வெள்ளிக்கிழமை எவன் மீன் வாங்கறான்? ஆனா கல்ல நீயே கொண்டாந்து காட்டு. நான் சொல்றத டாக்டரு நம்பணும்ல."

எதிரில் நின்று பார்த்தால்

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நானும் அஞ்சலையும் மட்டும் இல்லை. அம்மாவும் நின்றிருந்தாள். அக்கா சொல்லியிருக்கிறாள். மதாம் வீட்டில் பாதி வேலையில் கிளம்பி வந்திருந்தாள் போல. இடுப்பில் பெரிய சாவி, கையில் வெங்காய வாடை. அஞ்சலையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்து, டாக்டரம்மாவின் அறையில் சுவரோரம் நின்றுகொண்டாள்.

"என்ன பார்த்தீங்களோ அத அப்படியே சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"சொல்றதுக்கு வராதும்மா. காட்டட்டா?"

அஞ்சலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஒரு கணம் நினைவுபடுத்திக்கொண்டாள். பிறகு அவளுடைய இடது கை மெல்ல எழுந்தது. முழங்கை மடங்காமல், துடுப்பு போல, விறைத்து நின்றது. தலை இடது பக்கமாகத் திரும்பியது. யாரோ கூப்பிட்டுத் திரும்புவது போல அல்ல. யாரோ பிடித்துத் திருப்புவது போல. பல்லைக் கடித்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம். அப்புறம் தோளிலிருந்து விரல் வரை வெட்ட ஆரம்பித்தது. முதலில் வேகமாக. பிறகு விட்டு விட்டு. படகில் போட்ட மீன் எப்படி ஓயுமோ அப்படி.

நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனையோ கண்ணாடி பார்த்திருக்கிறேன். அதற்கு முன்பும் பின்பும் எந்தக் கண்ணாடியும் எனக்கு அதைக் காட்டியதில்லை. ஒரு மீன்காரியின் தோளில், கழுத்து நரம்பில், என்னுடைய காணாமல் போன நிமிடங்கள். பரிகாசம் துளியும் இல்லை. உயிரோடு வந்த ஒன்றைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல அவ்வளவு கவனமாகச் செய்தாள்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "இடது கைதானே? இடது பக்கம்தானே தலை திரும்புச்சு? நல்லா யோசிச்சு சொல்லுங்க. எந்தப் பக்கம்ங்கறது ரொம்ப முக்கியம்."

"ஆமாம்மா, இடதுதான்" என்றாள் அஞ்சலை.

"இடது இல்ல."

சுவரோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல்.

"வலது. அவன் எதிர்ல நின்னு பார்த்துட்டு மாத்திச் சொல்லுது அந்தம்மா. வலது கைதான் மொதல்ல தூக்கும். கைக்கும் முன்னாடி வாயி. வலது ஓரம் இப்டித் துடிக்கும். அப்புறம் கண்ணு போவும். அப்புறம்தான் கை."

அஞ்சலை தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஆமா, நான் எதிர்லதான இருந்தேன்" என்று முணுமுணுத்தாள்.

"நீங்க மார்க்கெட்ல இருந்தீங்களாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல."

"அப்புறம் எப்டித் தெரியும்?"

அம்மாவின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

"வீட்ல. மூணு தடவ. விடியக்கால, தூக்கத்துல. நான் உலை வைக்க எழுந்திரிச்ச நேரம். இந்தச் சாவியத்தான் கையில குடுப்பேன். அடங்குனதும் எடுத்துடுவேன். முழிச்சா அவனுக்கு ஒண்ணும் தெரியாது." மூச்சு வாங்கினாள். "பொண்ணுக்கு இடம் பார்த்துட்டிருந்தேன். அது மட்டும் இல்ல டாக்டர். சொல்லாம இருந்தா போயிடும்னு நெனச்சேன். சொன்னா நெலைச்சிடும்னு."

"சொல்லாம இருந்தீங்க. அவரு தெனம் மொபெட் ஓட்டிட்டிருந்தாரு."

"தெரியும்" என்றாள் அம்மா. "அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல."

என் கையை முகர்ந்து பார்க்கத் தோன்றியது. முகரவில்லை. அந்த வளையத் தடம், அந்த இரும்பு வாடை, எழுபது பேர் படித்த அந்த வரி. எல்லாம் அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கல்லை அஞ்சலையிடம் கொடுத்தேன். புடவையில் துடைத்து மடியில் போட்டுக்கொண்டாள். அம்மாவைப் பார்த்து, "நான் பக்கத்தத்தான் மாத்திட்டேன். நீ நோவையே மயக்கம்னு மாத்தப் பார்த்தியேம்மா" என்றாள். அம்மா பஸ்ஸில் தன் பக்கத்தில் அவளுக்கு இடம் போட்டு வைத்தாள்.

செகண்டு முள்

படம் எடுத்தார்கள். தலையின் இடது பாதியில், கடுகளவு ஒரு பழைய தழும்பு. இடது மூளை வலது கையை ஆளும் என்பதை அன்றுதான் கற்றேன். வம்சத்தில் வருவது அல்ல என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்தார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அம்மா தானே அரியாங்குப்பத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். அவர்கள் மரியாதையாக உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். பிறகு பேச்சு இல்லை. அக்காவுக்கு வேறு இடம் அமைய இரண்டு வருஷம் ஆயிற்று. அதைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்: "அந்த வீட்டு முட்டைக் கண்ணன் எனக்கு வேணாம்." அன்று முழுக்க அவள் முகம் வீங்கியிருந்தது.

மொபெட்டை விற்றோம். காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி இரண்டு. முதல் மாதங்களில் உலகம் கண்ணாடி டம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடை தள்ளாடும். படித்த வரி அடுத்த வரிக்குள் மறந்துபோகும். பாலத்தின் மேல் போகும் ரொட்டி வண்டிகளைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். யாரோ என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போவது மாதிரி இருக்கும்.

டாக்டரம்மா அம்மாவிடம் சொல்லியிருந்தார்: இரும்பு வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். அஞ்சு நிமிஷம் தாண்டினால் உடனே கொண்டு வாருங்கள்.

"கையில ஒண்ணுமே குடுக்கக் கூடாதா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம்மா. மணி மட்டும்."

அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு முதல் கடிகாரம் வந்தது. செகண்டு முள் இருக்கிறதா என்று கடைக்காரரை மூன்று முறை கேட்டு வாங்கினாள். சுவரில் மாட்டவில்லை. என் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு நிறுத்தி வைத்தாள். உள்ளே ஊதிக்கொண்டிருந்த சங்கை அவள் என்ன செய்தாள் என்று தெரியாது.

மாத்திரை அளவு சரிப்படுவதற்கு முன், மார்கழிப் பனி இறங்கிய ஒரு காலை. விழித்தேன். நாக்கு ஓரம் எரிந்தது. உடம்பு நொந்தது. ஜன்னலில் வெளிச்சம் அப்போதுதான் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், கடிகாரம் மடியில். மதாம் வீட்டுச் சாவி எதிர்ச் சுவர் ஆணியில் தொங்கியது.

அவளாகவே சொன்னாள், பாடம் ஒப்பிப்பது போல, நிறுத்தி நிறுத்தி.

"வாயிலேருந்து ஆரம்பிச்சிது. வலது பக்கம்தான். ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு."

கடிகாரத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள்.

வலது உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். இரும்பு இல்லை.

வெங்காயம் மணந்தது.